ஆசிக்குப் பிறகு பேச்சில்லை

சபார்பெக்கைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கொட்டாவிதான் வரும். இருபத்திரண்டு வருடம் அவனுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அவன் பேச்சை அத்தனை காலம் கேட்ட யாருக்கும் வரும்.

தோரு-சாய் கிராம அலுவலகத்தில் நான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது, முத்திரை குத்துவது, தலைவர் இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்று வருகிறவர்களிடம் கிசுகிசுப்பது, இவ்வளவுதான் என் வேலை. சபார்பெக் இளைஞர் அலுவலர். ஊர்ப் பிள்ளைகளை ஊர் விவகாரத்துக்குள் கொண்டுவருவது, கூட்டத்தில் எழுந்து பேசப் பழக்குவது, தங்கள் உரிமை என்ன என்று சொல்லிக்கொடுப்பது அவன் வேலை என்று நியமன உத்தரவில் இருந்தது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவளும் நான்தான், அதனால் எனக்குத் தெரியும். அவன் அதைப் படித்தானா என்பது சந்தேகம்.

அவன் எப்படி இந்த வேலைக்கு வந்தான் என்பதைச் சொன்னாலே பாதி கதை முடிந்துவிடும். அவன் அப்பா கூட்டுப்பண்ணையில் அறுவடை இயந்திரம் ஓட்டியவர், நல்ல மனுஷன், வாய் திறக்க மாட்டார். அவர் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் மகன் பேசித் தீர்த்தான். மாவட்டக் கல்லூரியில் படிக்கும்போது சிரிப்பு நாடகக் குழுவில் இருந்தான். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். படிப்பு முடித்து ஊருக்கு வந்த வசந்தத்தில், நூருஸ் திருநாள் மேடையில் மைக் பிடிக்க ஆள் இல்லை. இவன் பிடித்தான். அப்போதிருந்த தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. "பையன் நல்லாப் பேசறான், இளைஞருக்குப் போட்டுரு" என்றார். போட்டோம். அன்று அவனுக்கு இருபத்து நான்கு வயது. இப்போது நாற்பத்தாறு. தலை வழுக்கை, பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாமனார் ஆகிவிட்டான். இன்னும் தோரு-சாயின் இளைஞர் பிரதிநிதி அவன்தான்.

நான்கு தலைவர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் பழையவரோடு சேர்த்து இவனையும் துடைத்து எறிவார்கள் என்று நான் ஆசையோடு காத்திருப்பேன். நடக்காது. புதுத் தலைவர் உட்கார்ந்து நாற்காலி சூடேறுவதற்குள் சபார் தேநீர்க் கிண்ணத்தோடு உள்ளே போய், "நம்ம இளைஞருங்க உங்க பக்கம்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு வருவான். எந்த இளைஞர், யார் கேட்டது, ஒன்றும் கிடையாது.

தலைநகரத்தில் பயிற்சி என்றால் முதல் ஆளாகக் கிளம்புவான். மூன்று நாள் ஓட்டலில் தங்கி, வண்ணப் பேனாவால் பெரிய தாளில் வட்டம் வரைந்து, இடைவேளைக்கு இடைவேளை பிஸ்கட் தின்று திரும்புவான். கழுத்தில் மாட்டிய பெயர் அட்டையை ஒரு வாரம் கழற்ற மாட்டான். பழைய அட்டைகளை அலமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தான். அலமாரியைத் திறந்தால் கொத்தாகச் சத்தம் போடும். எனக்கென்று ஓட்டல் சர்க்கரைப் பொட்டலம் நான்கு கொண்டுவருவான். "அக்கா, உங்களுக்கு" என்பான், ஏதோ மெக்காவிலிருந்து வந்தவன் மாதிரி.

மரம் நடும் விழாவைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் பள்ளிக்குப் பின்னால் நாற்பது கன்று நடுவார்கள். பிள்ளைகள் கனத்த கோட்டுக்கு மேல் "எதிர்காலம் நாமே" என்று எழுதிய டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். குளிருக்குக் கோட்டைக் கழற்ற முடியாது, படத்துக்கு டி-ஷர்ட் தெரிய வேண்டும். பார்க்கத் தலையணை உறை போட்ட மூட்டைகள் மாதிரி இருக்கும். படம் எடுத்தாயிற்று என்றால் எல்லோரும் கலைவார்கள். மே மாதத்துக்குள் ஆடு தின்றுவிடும். அடுத்த ஏப்ரலில் அதே நாற்பது குழியில் மறுபடி நாற்பது கன்று. குழி தோண்டும் வேலையாவது மிச்சம் என்று ஒருமுறை அவனிடமே சொன்னேன். "அதான் அக்கா, திட்டமிடல்" என்றான். சொரணை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வைக்காமல் விட்டுப்போகிறது போலிருக்கிறது.

ஆனால் ஒரு வித்தையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கூட்டத்தை முடிப்பதில்.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும், விருந்தும், பஞ்சாயத்தும் பெரியவர் சொல்லும் ஆசியோடு முடியும். இருப்பவர்களில் மூத்தவர் உள்ளங்கைகளை விரிப்பார், எல்லோரும் விரிப்போம். அவர் நாலு நல்ல வார்த்தை சொல்வார், "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவோம். அதற்குப் பிறகு யாரும் உட்கார மாட்டார்கள். அதற்கு மேல் ஒருவன் வாயைத் திறந்தால் ஆசியைக் காலால் தள்ளியவன் ஆகிவிடுவான். கொலை செய்தவனுக்குக்கூட எங்கள் ஊரில் யாராவது பெண் கொடுப்பார்கள், அப்படிப்பட்டவனுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

சபார் இதை ஒரு கருவியாக ஆக்கிக்கொண்டான். எண்பத்து நான்கு வயது காசிமாலி தாத்தா என்று ஒருவர். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் கத்தினால் கேட்கும். ஆசி சொல்வதில் அவருக்கு அவ்வளவு ஆசை. எந்தக் கூட்டமானாலும் சபார் தன் காரில் போய் அவரைக் கூட்டிவந்து முதல் வரிசையில், தன் கைக்கு எட்டுகிற இடத்தில் உட்காரவைப்பான். தலைவர் பேசுவார். யாராவது ஒரு பிள்ளை எழுந்து ஏடாகூடமாக எதையாவது கேட்கும். உடனே சபார் குனிந்து, "அய்யா, ஆசி" என்பான். முடிந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் எல்தோஸ் என்ற பையன், தெருவிளக்கு ஏன் தலைவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது என்று கேட்டான். நியாயமான கேள்வி, என் வீடு இருட்டில்தான் இருக்கிறது. அவன் கேட்டு வாய் மூடவில்லை, தாத்தாவின் கைகள் விரிந்துவிட்டன. கேள்வி கேட்ட பையனும் கையை விரித்துக்கொண்டு நின்றான், பாவம். வேறென்ன செய்வான். தாத்தா விளைச்சலுக்கும், கறவைக்கும், மாஸ்கோவில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும், மழைக்கும் சேர்த்து ஆசி சொல்லி முடித்தார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் குறிப்பில், "இளைஞர் தரப்பிலிருந்து கேள்விகள் இல்லை" என்று எழுதினேன்.

எழுதினேன் என்பதை மறைக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஊர்க் கூட்டமும் விழாவும் நடக்கிற கிளப் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. முன்பு நூலகம், பிறகு எலிகளுக்கு. இரண்டு கோடை விடுமுறையில் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து அதைச் சரிசெய்தார்கள். கூலி கிடையாது, முறைவைத்து வந்து வேலை பார்த்தார்கள். சுவருக்கு மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசினார்கள், எல்தோஸ் அடுப்பைப் பிரித்துக் கட்டினான், ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்கள். சபார் ஒரு நாள் வந்தான். கரணையை வாங்கிக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். ஆனால் அந்த அறைச் சாவியை அவர்கள் கையில் கொடுத்தவன் அவன்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

அந்த அறையை உயிராக வைத்திருந்தவள் சைகல். பதினேழு வயது, ஒல்லிக்குச்சி, கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்கிற பெண். அப்பா அம்மா மாஸ்கோவில் துப்புரவு வேலை. இவள் சித்தப்பா வீட்டில், இரண்டு அறையில் ஒன்பது பேரோடு. மே மாதம் பல்கலைக்கழகத்துக்கான தேர்வு. அதில் தேறினால் அரசுச் செலவில் படிப்பு. தேறாவிட்டால் சித்தப்பா சொல்லிவிட்டார், மாஸ்கோவுக்கு, அம்மா பக்கத்தில் துடைப்பம் பிடிக்க. சித்தப்பா வீட்டில் புத்தகத்தை விரித்தால் அதன்மேல் ஒரு குழந்தை உட்காரும். அடுப்பு எரிகிற அந்தக் கிளப் அறை ஒன்றுதான் அவளுக்கு. அவளைப் போல இன்னும் பத்துப் பேர் தினமும் பள்ளி முடிந்து அங்கே போய்ப் படித்தார்கள்.

வாரம் ஒருநாள் சபார் அங்கே போய் "பயிற்சி" நடத்த வேண்டும். தலைநகரப் பயிற்சியில் கொடுத்த கையேட்டைத் திறந்து படிப்பான். ஒருமுறை பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று நடித்துக்காட்டச் சொன்னான். கையெழுத்து வாங்க நானும் போயிருந்தேன். எல்தோஸ் தலைவராக, இன்னொருவன் கவுன்சிலராக, சபாரே காசிமாலி தாத்தாவாக. குரல் அப்படியே தாத்தாதான், அந்தத் திறமையை மறுக்க முடியாது. நடிப்பிலும் கேள்வி வந்த இடத்தில் கையை விரித்துக் கூட்டத்தை முடித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். சைகல் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஆசி சொல்லிட்டா அப்பறம் எதுவுமே பேச முடியாதா?"

"ஆசிக்கு மேல பேசறவன் மனுஷனா? எந்திரிச்சுப் போயிட வேண்டியதுதான்."

"தலைவரே பேசினா?"

"தலைவருக்கு மட்டும் தனியா ஒரு கடவுளா இருக்கு? அவரும் எந்திரிக்கணும்."

"ஓட்டு எடுக்காம இருந்தா?"

"எடுக்காதது எடுக்காததுதான். மறுபடி முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, மறுபடி கூட்டம் போடணும். கையேட்டுல இருக்கு, பாரு." பக்கத்தைப் புரட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஜனவரியில் தலைவர் ஒஸ்மொனாலியின் மைத்துனனுக்கு ஒரு ஆசை வந்தது. கிளப் கட்டடத்தை நாற்பத்தொன்பது வருடக் குத்தகைக்கு எடுத்துக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டுமாம். பின்னறை சமையலறை ஆகும். மைத்துனன் ஆசை, தலைவரின் பெண்டாட்டி ஆசை. பெண்டாட்டி ஆசை, தலைவரின் உத்தரவு. ஊர்ப் பொதுக்கூட்டத்தில் கைதூக்கி ஒப்புதல் வாங்கி, பிப்ரவரி இருபத்தேழாம் தேதிக்குள் மாவட்டத்துக்குக் காகிதம் போக வேண்டும். கூட்டம் இருபத்தாறாம் தேதி என்று முடிவாயிற்று.

தலைவர் சபாரைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது.

"சபாரு, உன் புள்ளைங்கள டி-ஷர்ட்டோட கூட்டிட்டு வந்து முன்னாடி உக்காத்தி வை. கையத் தூக்கணும். மாவட்டத்துல 'இளைஞர் கருத்து'ன்னு ஒரு கட்டம் இருக்கு, அத நிரப்பணும்."

"ஆகட்டும் அண்ணே."

"அறை போகுதேன்னு ஏதாச்சும் முனகுவாங்களா?"

"நான் பாத்துக்கறேன் அண்ணே. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேனாக்களை வண்ணவாரியாக அடுக்கினான்.

"கரணையப் புடிச்சுப் படம் எடுத்தியே, அந்தச் சுவரையா குடுக்கப்போற?" என்றேன்.

"அக்கா, எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கு" என்றான். ஒரு மனிதனிடம் வேறு எந்த எலும்பும் இல்லை, இந்த ஒரு கணக்கு மட்டும்தான் முதுகெலும்பாக இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து சைகல் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் நூற்றெண்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு. வீடு வீடாகப் பனியில் நடந்து வாங்கியிருக்கிறாள், காலணியெல்லாம் ஈரம்.

"அண்ணே, கூட்டத்துல நான் இதப் படிக்கணும். உங்க கையேட்டுலயே இருக்கு, ஊர்க்காரங்க யாரும் பேசலாம்னு."

"பேசலாம்மா, தாராளமாப் பேசலாம். கடைசியில."

"ஓட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அது... நேரத்தப் பொறுத்தது. பங்கேற்புன்னா கத்துறது இல்லம்மா. வந்து உக்காந்து இருக்கறதும் பங்கேற்புதான்."

"அறை போயிட்டா நான் எங்க உக்காந்து பங்கேற்கறது?"

சபாருக்குத் தொலைபேசி வந்தது. வரவில்லை, வந்தது போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அவன் நாடகக் குழுவில் இருந்தவன் என்று சொன்னேனே.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் கேள்வி கேட்டா நீங்க எழுதுவீங்களா?"

"கேட்டா எழுதறேன்" என்றேன்.

"எல்தோஸ் தெருவிளக்கப் பத்திக் கேட்டப்ப எழுதினீங்களா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் சுருக்கென்றது. முத்திரை மையைத் தேடினேன். மை என் கைக்கு முன்னால்தான் இருந்தது.

இருபத்தாறாம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். கிளப் கூடத்தில் மூச்சு புகையாக வந்தது. ஊரில் பாதி பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் கோட்டுக்கு மேல் டி-ஷர்ட் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். சபார் வழக்கம்போலக் காசிமாலி தாத்தாவைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். தாத்தாவின் வலது காது பிள்ளைகள் பக்கம் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவர் வந்ததும் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்து, நாற்காலியை நகர்த்தி, அவரை அப்படி உட்காரவைத்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். மரியாதை என்று நினைத்தேன்.

தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். மைத்துனன் வரைபடத்தைக் காட்டினான். அதில் நீரூற்றெல்லாம் இருந்தது, குடிக்கவே குழாயில் தண்ணீர் வராத ஊரில். பிறகு சபார் மைக்கைப் பிடித்தான். "நம்ம இளைஞர்கள் எப்பவும் வளர்ச்சியோட பக்கம்தான்" என்றான். சைகல் கை தூக்கினாள். "கடைசியிலம்மா, கடைசியில" என்றான், இனிப்பு கொடுக்கிற குரலில். மறுபடி தூக்கினாள். மறுபடி கடைசியில. என் பேனா தாளின் மேல் சும்மா நின்றது.

"சரி, நேரமாகுது. கை தூக்கிரலாம்" என்றார் தலைவர்.

சைகல் எழுந்தாள். மேடைப் பக்கம் வரவில்லை. மேசையிலிருந்து தேநீர்க் கிண்ணத்தை எடுத்து, இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் நீட்டியபடி தாத்தாவிடம் போனாள். ஒரு நல்ல வீட்டுப் பெண் எப்படிக் கொடுப்பாளோ அப்படி. அவர் வலது காதருகே குனிந்தாள். கூடத்துக்கே கேட்டது.

"தாத்தா, நாங்க பதினோரு பேர் பரீட்சை எழுதப் போறோம். ஊர் கூடியிருக்கு. எங்களுக்கு ஒரு ஆசி சொல்லுங்க."

கிழவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண்ணே வந்து கேட்கிறாள், அதுவும் படிப்புக்கு. கிண்ணத்தை வைத்தார், தொப்பியைச் சரிசெய்தார், உள்ளங்கைகளை விரித்தார்.

ஊரே விரித்தது. ஓட்டுக்குத் தூக்கத் தயாராக இருந்த கைகளெல்லாம் அப்படியே பாதியில் திரும்பி உள்ளங்கை மேலே பார்த்தன. தலைவரும் விரித்தார், விரிக்காமல் என்ன செய்வார், இருநூறு பேர் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் விரித்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? சபார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், "ஆசி" என்ற சொல் காதில் விழுந்ததுமே அவன் கைகள் தாமாக எழும்பிவிட்டன. விரித்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. முகம் வெளிறியது. கையை இறக்கவும் முடியவில்லை.

தாத்தா அன்று போல நீளமாக என்றும் சொன்னதில்லை. பேனாவுக்குச் சொன்னார், கண்ணுக்குச் சொன்னார், அந்தப் பிள்ளைகள் படிக்கிற அறையின் அடுப்பு அணையாமல் இருக்கச் சொன்னார். அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. "ஓமின்" என்றோம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பெண்கள் சால்வையை இழுத்துக்கொண்டு மாடு கறக்கக் கிளம்பினார்கள்.

"இருங்க, இருங்க, ஓட்டு இருக்கு" என்றார் தலைவர்.

தாத்தா திரும்பினார். அந்த வார்த்தை அவருக்கு எந்தக் காதில் விழுந்ததோ. "ஒஸ்மொனாலி, ஆசிக்கு மேல பேச்சா?" என்றார். கூடம் மூன்று நிமிடத்தில் காலி.

மாலை நான்கு மணிக்குத் தலைவர் அறையில் நாங்கள் மூவர். தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

"புருல், குறிப்ப எழுது. ஆசிக்கு முன்னாடி ஓட்டு எடுத்தாச்சு. எல்லாரும் ஒருமனதா கை தூக்கினாங்க. இளைஞர் தரப்புல கேள்வி இல்ல. காலையில காகிதம் மாவட்டத்துல இருக்கணும்."

குறிப்பில் நான், இளைஞர் அலுவலர், தலைவர் என்று மூன்று கையெழுத்து வேண்டும். சபார் என் மேசையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தான். அடியில், தன் இடத்தில், கையெழுத்துப் போட்டான். "நீங்க மேல எழுதிக்கங்க அக்கா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டினான். என்ன எழுதப் போகிறேன் என்று பார்க்கக்கூட விரும்பாத ஒரு மனிதன். பொய்யில் கையெழுத்துப் போடுகிறவனிடம் அது பொய் என்று தெரிந்தே போடுகிற துணிச்சலாவது இருக்கும். இவனிடம் அதுவும் இல்லை.

வெற்றுத் தாளோடு என் மேசைக்கு வந்தேன். நடையில் சைகல் நின்றிருந்தாள். "அக்கா, கூட்டக் குறிப்புல ஒரு பிரதி ஊர்க்காரங்க யார் கேட்டாலும் தரணும்னு கையேட்டுல இருக்கு. நான் கேக்கறேன்" என்றாள்.

சபாரை நான் இருபத்திரண்டு வருடம் ஏளனம் செய்தேன். வீட்டில் அவனைப் போல நடித்துக்காட்டி என் பிள்ளைகளைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவன் கேள்விகளின் வாயை மூடினான், சரி. மூடிய பிறகு அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று எழுதியது யார்? அழகான கையெழுத்தில், தேதி போட்டு, முத்திரை குத்தி? அவனாவது ஓய்வூதியம் என்று வாய்விட்டுச் சொன்னான். நான் அதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

எழுதினேன். சைகல் மூன்று முறை கை தூக்கினாள் என்று எழுதினேன். மூன்று முறையா, இரண்டா என்று யோசித்து, இரண்டு என்று அடித்துத் திருத்தினேன். ஓட்டெடுப்புக்கு முன் ஆசி சொல்லப்பட்டது, கூட்டம் கலைந்தது, முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. அடியில் சபாரின் கையெழுத்து ஏற்கெனவே தயாராக இருந்தது. நானும் போட்டு, முத்திரை குத்தி, இனி வேறு குறிப்பு எழுத வழியில்லாதபடி ஒரு பிரதியைச் சைகல் கையில் கொடுத்த பிறகு அசலைத் தலைவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் எனக்கு வேலை போயிற்று. கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆட்குறைப்பாம். சபாருக்கு ஒன்றும் ஆகவில்லை. "நான் வெத்துத் தாள்லதான் அண்ணே போட்டேன்" என்று தலைவரிடம் சொல்லித் தப்பித்துக்கொண்டான். பாருங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டதையே தகுதியாகச் சொல்லிப் பிழைத்தவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். மாவட்டத்தின் தேதி தாண்டிவிட்டாலும் தலைவர் விடவில்லை, யாரையோ பிடித்து நாள் நீட்டிப்பு வாங்கிவந்தார். ஏப்ரலில் இரண்டாவது கூட்டம். இந்த முறை என் நாற்காலியில் தலைவரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, புதுச் செயலாளர். நான் மேடையில் இல்லை, பின்வரிசையில் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். செயலாளராக இருந்தவரை கூட்டத்தில் நான் ஓட்டும் போட்டதில்லை, வாயும் திறந்ததில்லை. கூடம் அங்கிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது.

சபார் பாடம் கற்றிருந்தான். காசிமாலி தாத்தாவின் வலது காதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். தலைவர் பேசி முடித்தார். "ஏதாச்சும் கேள்வி?" என்றார் வழக்கப்படி, யாரையும் பார்க்காமல். சைகல் எழுந்து மனுவை விரித்தாள். முதல் வரியைப் படிக்கும்போதே சபார் தாத்தா பக்கம் குனிவதைப் பார்த்தேன். அவன் கைகள் மடியிலிருந்து எழும்பத் தொடங்கிவிட்டன.

நான் எழுந்தேன்.

"சபார், கையக் கீழ போடு" என்றேன்.

கூடம் முழுக்கத் திரும்பியது. அவன் என்னைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்த அதே முகம். கையைக் கீழே போட்டான்.

"நீ படிம்மா" என்றேன் சைகலிடம். பிறகு புதுச் செயலாளரிடம், "நீ எழுதும்மா. கேள்வி ஒண்ணுன்னு எழுது" என்றேன். அந்தப் பெண் தலைவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுதினாள்.

சைகல் மனுவை முழுதும் படித்தாள். யார் எந்தச் சுவர் பூசினார்கள், யார் அடுப்பு கட்டினார்கள், பதினோரு பேர் எந்தத் தேதியில் எந்தத் தேர்வு எழுதுகிறார்கள், எல்லாம் இருந்தது. அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. கடைசியில், "தலைவரே, நாங்க எங்க போய்ப் படிக்கணும்?" என்று கேட்டுவிட்டு நின்றாள். தலைவர் நீரூற்றைப் பற்றி ஏதோ சொன்னார். பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மைத்துனனின் மண்டபம் இடிந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அறை பிள்ளைகளுக்கே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கட்டும் என்று தலைவர் வேறு வழியில்லாமல் சொன்னபோது முதலில் எங்கள் வரிசை தூக்கியது. நானும் தூக்கினேன். பிறகு நடுவரிசை, பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்று கண்ணுக்கே தெரிந்த பிறகு, சபாரின் கையும் மெல்ல ஏறியது.

எண்ணிக்கொண்டு வந்த புதுச் செயலாளர் அவனிடம் வந்ததும் தயங்கினாள். "சபார் அண்ணனையும் சேத்துக்கவா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"சேத்துக்கங்க அக்கா" என்றாள் சைகல். "எங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தது அவர்தான்."

அவள் கேலி செய்யவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் சபார் கையைத் தூக்கியபடியே, கூட்டம் கலைந்து எல்லோரும் வெளியேறும்வரை, அப்படியே உட்கார்ந்திருந்தான்.